எழுத நான் யார்?

சென்ற ஆண்டு புதுக்கோட்டையில் ஒரு கல்லூரி விழாவுக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்ததும் ஒரு மாணவர், தம் ஊர் நீர்நிலைகளைப் பற்றி எழுதிய கட்டுரையைத் தயங்கித் தயங்கி நீட்டினார். பக்கத்துக்கு நான்கு இடத்தில் ‘அறிஞர்கள் கூறுவதுபோல’, ‘யாவரும் அறிந்ததே’. நடுவே ஒரு வாக்கியம் மட்டும் பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தது: கண்மாய் நிறையாத வருஷம் எங்கள் அம்மாவின் தோடு அடகுக்குப் போகும்.

“இதை ஏன் தம்பி அடிச்சீங்க?” என்றேன்.

“அது எங்க வீட்டு விஷயம் சார். இதையெல்லாம் எழுத நான் யாரு?”

வெறும் கூச்சம் என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ‘நான் யார்’ என்ற கேள்விக்குப் பட்டம் விடை சொல்லுமா? இதே புதுக்கோட்டைச் சீமையில், 1944-இல், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய முத்தையா என்ற பதினேழு வயதுப் பிள்ளை ‘திருமகள்’ பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தார். கண்ணதாசன் என்பது அவரே தமக்கு வைத்துக்கொண்ட பெயர். 1947-இல் அதே ஊரில் தோன்றிய ‘பொன்னி’ இதழ், இளங்கவிஞர்களைப் ‘பாரதிதாசன் பரம்பரை’ என்று அறிமுகம் செய்தது. பெரிய பெயரின் நிழல் தொடக்கத்தில் இதம்தான். நடுவயது வரை அதிலேயே நின்றால் பயிர் சோகை பிடித்துப்போகும். கண்ணதாசனுக்கோ, பிற்பாடு ‘வனவாச’த்தில் தம் சறுக்கல்களைத் தாமே எழுதியபோதுதான் உரைநடையில் தனி வலிமை வந்தது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் அவர் எழுதியது தம் சறுக்கலை. தோடு அம்மாவுடையதல்லவா? இங்கேதான் எனக்குத் தடுமாற்றம். என் முதல் கதையில் சித்தப்பாவின் குடியை எழுதினேன். ஊர் மெச்சியது; சித்தி ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அந்தக் கதையை இன்றும் நான் தலை நிமிர்ந்து படிப்பதில்லை.

ஆகவே அந்த மாணவரைப் பாராட்டவில்லை. என் பாராட்டுக்காக எழுதத் தொடங்கினால் அந்த வாக்கியம் அவருடையதாக இராது. பேச்சை மாற்றி, “உங்க கண்மாய் மடை வழிஞ்சு எத்தனை வருஷமாச்சு?” என்றேன்.

“மடை வழியாது சார். மடையைத் திறந்து வயலுக்குப் பாய்ச்சுவாங்க. நிறைஞ்சு மிச்சத் தண்ணி வழியுறது கலிங்கு.”

சொன்ன குரலில் தயக்கமே இல்லை. நான்தான் அசடு வழிந்தேன்.

“அம்மாகிட்ட கேட்டுட்டு அந்த வரியை எழுதுங்க” என்றேன்.

அவர் சற்று யோசித்தார். “கேட்டா சரின்னுடுவாங்க சார். ஆனா தோட்டை மீட்டதையும் சேர்த்து எழுதச் சொல்லுவாங்க.”