பிள்ளையின் பெயரால் ஒரு சம்மதம்

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்களில் கணிசமானவை மத நம்பிக்கையின் பேரில் அந்த முடிவை எடுத்தவை. அந்த முடிவுக்குப் பின்னால் நெடிய வழக்காடல் உண்டு. எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று ஒரிகன் மாநிலம் கொண்டுவந்த சட்டத்தைக் கத்தோலிக்கக் கன்னியர் சபை ஒன்று எதிர்த்து வாதாடி, 1925-இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றது. எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த விஸ்கான்சின் ஆமிஷ் பெற்றோர் 1972-இல் யோடர் வழக்கில் வென்றார்கள். 1980-களில் பெருகிய கிறிஸ்தவ வீட்டுக்கல்வி இயக்கம் இந்தத் தீர்ப்புகளைத் தன் அரணாகக் கொண்டது. அது நம்பியது இதைத்தான்: பிள்ளை அரசின் உடைமை அல்ல, கடவுள் பெற்றோரிடம் ஒப்படைத்திருக்கும் உயிர். இந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். மதிப்பதாலேயே, அதன் மறுபக்கத்தையும் கேட்கவேண்டியிருக்கிறது. ஒப்படைக்கப்பட்டது அரசுக்குச் சொந்தமில்லை என்றால் பெற்றோருக்கும் சொந்தமில்லை. காவலுக்கு வாங்கிய பொருளை அடகு வைக்கக் காவலருக்கு உரிமை கிடையாது. அப்படியிருக்க, அதே வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஸ்பானிஷோ லத்தீனோ கற்பிக்கும் இலவசச் செயலியில் பத்து வயதுப் பிள்ளைக்குக் கணக்குத் தொடங்கும்போது, பிள்ளைக்குரிய எதையெல்லாம் யாரிடம் கொடுக்கிறோம்?

இணையப் பாதுகாப்பு என்றதும் பெற்றோர் நினைப்பது ஆபாசப் படமும் முகம் தெரியாத ஆட்களும்தான். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அதற்குத் தீர்வு எளிது. அரட்டை வசதி இருந்தால் மூடிவிடலாம். உண்மைப் பெயரும் புகைப்படமும் கொடுக்காமல் இருக்கலாம். கணினியைக் கூடத்தில் வைக்கலாம். இவ்வளவும் செய்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அது பிள்ளையின் பெயரால் நாம் கொடுக்கும் சம்மதத்தைப் பற்றியது.

மொழிச் செயலிகளில் பெரும்பாலோருக்குத் தெரிந்தது டுயோலிங்கோ. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான லூயிஸ் வான் ஆன் குவாத்தமாலாவில் பிறந்தவர். பணமிருப்பவர்களுக்கே நல்ல கல்வி கிடைப்பதை அங்கே கண்டதால்தான் மொழிக்கல்வியை இலவசமாக்க நினைத்ததாகப் பலமுறை சொல்லியிருக்கிறார். அதைச் சந்தேகிக்க எனக்குக் காரணமில்லை. 2012-இல் அந்தச் சேவை எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டபோது, மாணவர்கள் பயிற்சியாகச் செய்யும் மொழிபெயர்ப்பையே விற்று வருமானம் பார்ப்பதுதான் திட்டம். அது பின்னர் கைவிடப்பட்டது. இப்போது சந்தா, விளம்பரம் போன்றவை நிறுவனத்தைத் தாங்குகின்றன. இதில் மோசடி ஏதுமில்லை. கற்பவரின் உழைப்போ கவனமோ ஏதோ ஒன்று தொடக்கம் முதலே விலையாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். வளர்ந்தவர் ஒருவர் அந்த விலையைத் தெரிந்தே கொடுக்கலாம். பிள்ளைக்குத் தான் விலை கொடுப்பதே தெரியாது. கொடுத்தது கைமாறிப்போகவும் கூடும். 2023-இல் டுயோலிங்கோ பயனர்கள் ஏறத்தாழ 26 லட்சம் பேரின் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் திருட்டுத் தளமொன்றில் வெளியாயின. அதே ஆண்டில், மாணவர்களின் தகவல்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதற்காகவும், பெற்றோரின் சம்மதம் பெறும் பொறுப்பைப் பள்ளிகளின் தலையில் கட்டியதற்காகவும் எட்மோடோ என்ற கல்வித் தளத்தின் மீது அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. பள்ளி சம்மதம் கொடுத்தால் போதும் என்று அந்தத் தளம் நினைத்தது. வீட்டுக்கல்வியில் பள்ளியும் பெற்றோரும் ஒருவரே. சரிபார்க்க இன்னொருவர் இல்லை.

கணக்குத் தொடங்கும் திரையில் வரும் ஒரு சிறு பெட்டி இந்த விஷயத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: வயதைக் கேட்கும் பெட்டி. 1998-இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம், 13 வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் தகவல் திரட்டப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. ஆகவே 10 என்று உண்மையைப் போட்டால் பெற்றோரின் மின்னஞ்சல் கேட்கப்படும். சில வசதிகள் மூடிக்கொள்ளும். நண்பர்களைத் தேட முடியாமல் போகலாம். அவசரத்தில் இருக்கும் அம்மாவோ அப்பாவோ 18 என்று போட்டுவிடுகிறார்கள். எல்லாம் திறந்துகொள்கிறது. அந்தக் கணத்தில், பிள்ளையைக் காக்க எழுதப்பட்ட சட்டப் பாதுகாப்பு முழுவதும் விலகிப்போகிறது. எதிரில் இருப்பது சிறுபிள்ளை என்று அறிந்துகொள்ள நிறுவனத்துக்கு வழியில்லை. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. பொய் சொல்லாதே என்று காலையில் வேதபாடம் நடந்த அதே மேசையில், பிள்ளையின் கண் முன்னே, அவளைப் பற்றியே, பெற்றவரே பொய் எழுதுகிறார். ஸ்பானிஷ் வகுப்பின் முதல் பாடம் அதுவாக இருந்துவிடக் கூடாது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தை என்றே வரையறுத்து, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதத்தைக் கேட்கிறது. நம் ஊரிலும் இந்தப் பெட்டியில் உண்மையை எழுதும் பழக்கம் இனித்தான் வரவேண்டும்.

சரி, உண்மையை எழுதிச் சம்மதமும் கொடுத்தாயிற்று. அந்தச் சம்மதத்தின் எல்லை எது? கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது இதைத் தொட்டிருக்கிறார். யூதர்களின் பிள்ளைகளுக்குப் பெற்றோரின் விருப்பத்தை மீறி ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்பது கேள்வி. கூடாது என்றார். தன்னறிவு வரும்வரை பிள்ளை பெற்றோரின் பராமரிப்புக்குள், கருப்பைக்குள் இருப்பதைப்போல இருக்கிறது; அறிவு வந்ததும் அது தனக்கே உரியதாகத் தொடங்குகிறது என்பது அவர் வாதம். இதைப் பெற்றோரின் அதிகாரத்துக்குச் சான்றாக வீட்டுக்கல்வி ஆதரவாளர்கள் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அதன் இரண்டாம் பாதிதான் கனமானது. பிள்ளை நாளை தன்னுடைமை ஆகப்போகிறவள். ஆகவே, அவள் பின்னால் திரும்பப் பெற முடியாத எதையும் இன்று அவள் பெயரால் நாம் கொடுத்துவிடக் கூடாது. மின்னஞ்சலை மாற்றலாம். கணக்கை அழிக்கலாம். ஆனால் பத்து வயதில் மனம் பழகிக்கொள்ளும் விதத்தை அழிப்பது அவ்வளவு சுலபமில்லை.

இங்கேதான் கவனம் என்பது மதக் கேள்வியாகிறது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய் 1942-இல் எழுதிய ஒரு கட்டுரையில், பள்ளிப் பாடங்களின் உண்மையான பயன் கவனத்தை வளர்ப்பதே என்றும், பிரார்த்தனை என்பதே கவனத்தால் ஆனது என்றும் வாதிட்டார். தவறாகச் செய்த பயிற்சியை ஒதுக்கிவிடாமல் எடுத்துவைத்து, தவறு எங்கே பிறந்தது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பதை அவர் வற்புறுத்தினார். லத்தீன் வாக்கியம் ஒன்றில் வேற்றுமை உருபைத் தவறவிட்ட பிள்ளை அதன் முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பது அவர் கணக்கில் வீண்பொழுதே அல்ல. செயலியில் அந்தத் தவறுக்கு என்ன நடக்கிறது? டுயோலிங்கோவின் இலவசப் பாடங்களில் பல ஆண்டுகள் ஒவ்வொரு தவறுக்கும் ஓர் இதயம் குறைந்தது. எல்லாம் தீர்ந்தால் காத்திருக்கவோ, பழைய பாடத்தைத் திரும்பச் செய்யவோ, காசு கட்டவோ வேண்டியிருந்தது. தொடர்ந்து எத்தனை நாள் வந்தாய் என்ற ஸ்ட்ரீக் எண் ஒருபக்கம், வாராந்தரத் தரவரிசை மறுபக்கம். தவறு என்பது பார்த்துப் புரிந்துகொள்ளவேண்டியதாக இல்லாமல், பயந்து தாண்டவேண்டியதாகிவிடுகிறது.

விளையாட்டு இல்லாவிட்டால் பிள்ளை படிக்கவே மாட்டாளே என்பது இதற்கு வரும் முதல் மறுப்பு. பிரம்போடு ஒப்பிட்டால் இதயங்கள் எவ்வளவோ மேல் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். பழங்காலத் திருச்சபை அறிஞர் அகஸ்டின் தன் ‘வாக்குமூலங்க’ளின் முதல் நூலில் இந்த வேறுபாட்டைத் தன் பிள்ளைப் பருவத்திலிருந்தே எடுத்துக்காட்டுகிறார்: லத்தீனைச் செவிலியரின் கொஞ்சலிலும் சிரிப்பிலும் தானாகக் கற்றார், கிரேக்கம் மிரட்டலோடும் தண்டனையோடும் வந்ததால் வெறுத்தார். அச்சத்தைவிடத் தடையற்ற ஆர்வம்தான் மொழியைக் கற்பிக்கும் என்பது அவர் முடிவு. ஆனால் அவருடைய லத்தீனுக்குப் பின்னால் இருந்தவர்கள் அவரோடு பேச விரும்பிய மனிதர்கள். ஸ்ட்ரீக் அறுந்துவிடுமே என்று இரவு ஒன்பதரை மணிக்குப் போர்வைக்குள் இரண்டு பாடம் முடிக்கும் பிள்ளையை இயக்குவது ஆர்வமா? அது இழப்பச்சம், பிரம்பு இல்லாத அச்சம். ஆகவே செயலியை வீசிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதில் கற்ற பத்துச் சொற்களை வைத்து அன்றைக்கே வீட்டில் யாராவது பிள்ளையோடு பேச வேண்டும். பேசத் துணையில்லாத மொழிப்பாடம் எண்ணிக்கையைத் துரத்துவதில் போய் முடியும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. வீட்டுக்கல்விக் குடும்பங்களில் பல, ஒருவர் சம்பளத்தில் ஓடுபவை. தனி ஆசிரியருக்கு வழியில்லாதவர்களிடம் போய் இலவசத்தைச் சந்தேகி என்பது கொடுமையல்லவா? கொடுமைதான், வேறு வழி இல்லாதிருந்தால். ஆனால் இலவசங்களெல்லாம் ஒரே இனமில்லை. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரக அலுவலர்களுக்காகத் தயாரித்த பழைய மொழிப்பாடங்கள், ஒலிப்பதிவும் பாடநூலுமாக, பதிப்புரிமைத் தடையின்றிக் கிடைக்கின்றன. அவை வறட்சியானவை, பிள்ளைகளுக்காக எழுதப்பட்டவையும் அல்ல. பெற்றோர் கூட உட்கார்ந்தே தீரவேண்டும். அது குறைதானா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அமெரிக்காவின் பல பொது நூலகங்கள் மேங்கோ லாங்குவேஜஸ் போன்ற சேவைகளைத் தங்கள் செலவில் உறுப்பினர்களுக்குத் தருகின்றன. வெளிநாட்டில் வீட்டிலேயே பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் குடும்பங்களுக்குத் தமிழக அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகப் பாடங்கள் இருக்கின்றன. இவற்றின் செலவை வரி கட்டுபவர்கள் ஏற்றிருக்கிறார்கள். பிள்ளையின் பழக்கவழக்கத்தை அளந்து ஈடுகட்டவேண்டிய தேவை அங்கே இல்லை. ஏழைக் குடும்பம் முதலில் தட்டவேண்டிய கதவு இதுதான். அங்கே கிடைக்காத மொழிக்கு விளம்பரச் செயலியை நாடலாம், கண்ணைத் திறந்துகொண்டு.

இந்த வாதத்தை உள்ளிருந்தே உலுக்கும் மறுப்பு ஒன்று உண்டு. பக்கத்தில் உட்கார், கணக்கை உன் கையில் வை என்று பெற்றோருக்குச் சொல்வது, ஏற்கெனவே நான்கு சுவருக்குள் இருக்கும் பிள்ளைக்கு இன்னொரு பூட்டு ஆகாதா? வீட்டுக்கல்வியில் வளர்ந்தவர்களே 2013-இல் சேர்ந்து தொடங்கிய அமைப்பொன்று, வெளியார் கண் படாத வீடுகளில் பெற்றோரின் அதிகாரம் எப்படிக் கொடுமையாக மாறக்கூடும் என்பதைத் தொடர்ந்து பேசிவருகிறது. யோடர் வழக்கிலேயே நீதிபதி டக்ளஸ், பெரும்பான்மைத் தீர்ப்பிலிருந்து ஓரளவு விலகி, பிள்ளைகளிடம் யாராவது கேட்டார்களா என்று எழுப்பிய கேள்வி இன்னும் ஆறவில்லை. அதற்குப் பதிலாக நான் வைப்பது ஒரு வேறுபாட்டை. பிள்ளைக்குத் தெரிந்து பக்கத்தில் உட்கார்வது துணை. தெரியாமல் அவள் திரையை உளவு மென்பொருளால் பார்ப்பது, நிறுவனம் செய்வதையே பெற்றோர் செய்வது. பெற்றோரும் நிறுவனமும் ஒரே தவறைச் செய்யும்போது ஒருவருக்கு மட்டும் வேதம் சான்றாகாது.

ஆகவே கணக்குத் தொடங்கும் முன்பே பிள்ளையிடம் பேச வேண்டும். இந்த நிறுவனம் எப்படிச் சம்பாதிக்கிறது, ஏன் உன் பெயரைக் கொடுக்காமல் என் மின்னஞ்சலைக் கொடுக்கிறேன், ஏன் நோட்டிஃபிகேஷனை அணைக்கிறேன், ஏன் தரவரிசையை விட்டு விலகியிருக்கிறோம் என்பதெல்லாம் ஒன்பது வயதுக்குப் புரியக்கூடியவையே. நாளுக்கு இருபது நிமிடம் என்றால் ஓய்வுநாளில் அதுவும் வேண்டாம். ஸ்ட்ரீக் அறுந்தால் அறுந்துபோகட்டும். ஓய்வுநாளை மதிக்கும் வீட்டில் அந்த எண் ஒவ்வொரு வாரமும் அறுபடுவதுதான் இயல்பு. மூன்று மாதத்துக்கொரு முறை, தொடரலாமா என்று அவளிடமே கேட்கலாம். வேண்டாம் என்றால் அந்தப் பதிலுக்கு மதிப்பிருக்க வேண்டும். திரட்டிய தகவலைக் காட்டு, அழி என்று கேட்கும் உரிமையை அதே 1998 சட்டம் பெற்றோருக்குத் தந்திருக்கிறது. படிப்பு முடிந்த செயலிகளுக்கு அந்தக் கடிதத்தை எழுதும்போது பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள், 13 வயதுக்குப் பின் அதை அவளேதான் எழுதவேண்டியிருக்கும்.