மாட்டை யார் பார்த்துக்கொள்வது?

ஏப்ரல் மாதம் முழுக்க என் கைப்பையில் ஓர் எண்பது பக்க நோட்டு இருந்தது. வில்லியனூரிலிருந்து சென்னை விமான நிலையம், ஏறக்குறைய 150 கிலோமீட்டர். அங்கிருந்து கொச்சிக்கு விமானம். கொச்சியில் நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் கார். மூணாறு, இரவிகுளம் தேசியப் பூங்கா, பிறகு தேக்கடி, பெரியாற்றுக் காடு. கம்பம், தேனி வழியாக இறங்கி மதுரை. அங்கிருந்து சென்னைக்கு விமானம். மே மாதத்தில் ஐந்து நாள். கொச்சியில் எடுக்கும் காரை மதுரையில் வாங்கிக்கொள்ள ஒப்புக்கொள்ளும் ஆளைக் கண்டுபிடிக்கவே நான்கு நாள் ஆயிற்று.

நோட்டில் இன்னும் பல இருந்தன. நால்வரின் ஆதார் நகல். மலை வளைவில் வாந்தி எடுக்கும் மகனுக்கு மாத்திரை. மகளின் மாதவிடாய் எந்தத் தேதியில் வரும் என்ற கணக்கு. கணவரின் பிரஷர் மாத்திரை. இரவிகுளத்துக்கு முன்பதிவு. கோடை மழை பெய்தால் மாற்று ஏற்பாடு. "எது செய்யணும்னு சொல்லு, செஞ்சிடறேன்" என்று கணவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நல்ல மனிதர், சொன்னால் செய்துவிடுவார். எது செய்யவேண்டும் என்று யோசிப்பதுதான் பாதி வேலை என்பது அவருக்கு விளங்கவில்லை.

பிரான்சைச் சேர்ந்த எம்மா என்ற பெண் 2017இல் வரைந்த சித்திரக்கதை இதைத்தான் பேசியது. ‘கேட்டிருக்கலாமே’ என்பது அதன் தலைப்பின் பொருள். கணவன் உதவியாளனாகவும் மனைவி மேலாளராகவும் இருக்கும் வீட்டை அது காட்டியது. அதற்கும் முன்பே, 1984இல், மோனிக் ஐகோ என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளர் வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி எழுதினார். அவர்களுக்கு வேலை முடிந்தபின் வீடு தொடங்குவதில்லை. வேலையில் இருக்கும்போதே வீடும் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. இதை மனச்சுமை என்று சொல்லலாம். இந்தியாவில் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறாள். ஆண் 97 நிமிடம். நாளை அரைமணிக் கட்டங்களாகப் பிரித்துத்தான் கேட்டார்கள். குறுந்தொகை வகுப்பு எடுத்துக்கொண்டே தேக்கடியில் அறை கிடைக்குமா என்று நான் யோசித்த நேரத்தை எந்தக் கட்டத்தில் போடுவது?

இந்தக் கட்டுரை இந்தக் கேள்வியோடு முடிந்திருக்க வேண்டும். அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். சான்றுக்காக நோட்டைப் புரட்டினேன். ஏழாம் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: "அத்தை: மாடு, கோழி, துளசிக்குத் தண்ணீர், பால்காரர் கணக்கு."

எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான் போட்ட டிக்கெட் நான்கு. என் மாமியாரை வரச் சொல்லவேண்டாம் என்று நான் முடிவெடுத்த நாள் எது என்று யோசித்துப் பார்த்தேன். அப்படி ஒரு நாளே இல்லை. முடிவெடுக்கவேண்டிய விஷயமாகவே அது என் மனதில் வரவில்லை. மாடு இருக்கிறது, ஆகவே அத்தை இருப்பார். விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் கறந்தாக வேண்டும். என் யோசனை அங்கே நின்றுவிட்டது.

திட்டமிடுவது சுமை என்று நாம் சொல்வது உண்மை. ஆனால் அது முழு உண்மை இல்லை. திட்டமிடுபவளின் கையில் அதிகாரமும் இருக்கிறது. யார் வருவது, யார் தங்குவது, யாருடைய ஆசை செலவுக்குள் அடங்கும் என்பதையெல்லாம் அவளே தீர்மானிக்கிறாள். என் முதுகில் ஏறியிருப்பவர்களை நான் நன்றாகக் கணக்கெடுத்து வைத்திருந்தேன். நான் ஏறி நிற்கும் முதுகு என் கண்ணில் படவில்லை.

அத்தை பிறந்த ஊர் பாகூர். அந்த ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலை வெட்டவைத்தவர்கள் பங்காரி, சிங்காரி என்ற இரண்டு சகோதரிகள் என்று எங்கள் பக்கம் கதை உண்டு. பெண்கள் நினைத்து நடந்த காரியம் என்று வகுப்பில் பெருமையாகச் சொல்வேன். மண் வெட்டிக் கூடையில் அள்ளிச் சுமந்தவர்கள் பற்றி அந்தக் கதையில் ஒன்றும் இல்லை. அவர்களிலும் பெண்கள் இருந்திருப்பார்கள்தானே. இத்தனை வருடத்தில் நானும் அதைக் கேட்டதில்லை.

நாங்கள் போகவிருந்த ஊருக்கும் இது பொருந்தும். மூணாறு என்றதும் பச்சைத் தேயிலைச் சரிவு நினைவுக்கு வரும். அது ஒரு வேலைத்தலம். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசும் பெண்கள், பலர் தலித் பெண்கள். 2015 செப்டம்பரில் இருபது விழுக்காடு போனஸ் கேட்டு அவர்கள் மூணாற்றுச் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். தங்களுக்காகப் பேச வந்த ஆண் சங்கத் தலைவர்களை ஒதுங்கச் சொன்னார்கள். ‘பெம்பிளை ஒருமை’ என்று பெயர் வைத்துக்கொண்டு தாங்களே பேச்சுவார்த்தைக்குப் போய் உட்கார்ந்தார்கள். நம் நலனை நமக்காக இன்னொருவர் யோசித்து முடிவெடுப்பதை அவர்கள் ஏற்கவில்லை. அந்தச் செய்தியைப் படித்து நான் கவிதை எழுதியிருக்கிறேன். என் நோட்டில் அத்தைக்காக யோசித்து முடிவெடுத்தவளும் நான்தான்.

ஆகவே போய்க் கேட்டேன். "அத்தை, நீங்களும் வர்றீங்களா?" அவர் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். "எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? நீங்க போயிட்டு வாங்க" என்றார். கேட்டாயிற்று, அவர் வேண்டாம் என்றுவிட்டார் என்று மனம் உடனே இளைப்பாறியது. அப்படி இளைப்பாறியது எனக்கே பிடிக்கவில்லை. நெடுங்காலம் இல்லாமையில் வாழ்பவர்கள் தங்கள் ஆசையையும் அதற்கேற்பச் சுருக்கிக்கொள்வார்கள், ஆகவே ‘எனக்குக் குறை ஒன்றுமில்லை’ என்ற பேச்சை மட்டும் வைத்து ஒருவரின் நலத்தை அளக்க முடியாது என்று அமர்த்தியா சென் எழுதியிருக்கிறார். மாட்டைக் கட்டிய கயிறு கையில் இருக்கும்போது "வர்றீங்களா" என்று கேட்பது கேள்வியே ஆகாது.

முதலில் கயிற்றை வாங்கவேண்டும். இந்த முறை கணவரிடம் என்ன செய்யவேண்டும் என்று நான் சொல்லவில்லை. "மாடு உங்க பொறுப்பு" என்று மட்டும் சொன்னேன். இரண்டு நாள் தடுமாறினார். பிறகு அடுத்த தெருவில் மாடு வைத்திருக்கும் ஒருவரோடு பேசி, ஐந்து நாளுக்குக் கூலியும் கறக்கும் பாலும் அவருக்கு என்று முடித்தார். கோழிக்கும் துளசிக்கும் ஏற்பாடு மகன் செய்தான். அதன்பிறகு மறுபடி கேட்டேன்.

அத்தை நேராகப் பதில் சொல்லவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று விசாரித்தார். இரவிகுளத்தில் வரையாடு இருக்கிறது என்றேன். அது குட்டி போடும் காலத்தில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், யாரும் தொந்தரவு செய்யக்கூடாது என்று பூங்காவையே மூடிவிடுவார்கள் என்றும் சொன்னேன்.

"ரெண்டு மாசமா?"

"ஆமாம் அத்தை."

"ஆட்டுக்கு?"

சிரித்தார். பிறகு சொன்னார்: "அப்ப இந்த ஊட்டையும் எனக்குச் சாத்திக் குடுங்க. யாரும் எதுவும் கேக்காம கொஞ்ச நாளு கெடக்கணும்."

இது அவருடைய ஆசையா, சுருங்கிப்போன ஆசையா? எனக்கு அன்றும் தெரியவில்லை. ஆனால் மறுபடி மறுபடி கேட்டு, என் மனம் சமாதானம் ஆகும் பதிலை அவரிடமிருந்து வரவழைப்பதும் இன்னொரு வகை அதிகாரம்தான். நோட்டில் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டு, மேலே ‘அத்தை’ என்று எழுதி, பேத்தியிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கத்தில் மகளின் கையெழுத்தில் ஒரு திட்டம் இருந்தது. முதல் மூன்று நாள் வீட்டில் தனியாக, சமையல் இல்லை. நான்காம் நாள் பாகூரிலிருந்து தங்கை வந்துவிடுவார். இருவரும் விழுப்புரத்தில் ரயிலேறி மதுரை. மீனாட்சி கோயில். ஐந்தாம் நாள் எங்களோடு விமானத்தில் சென்னை. சன்னலோர இருக்கை.

"வர்றீங்களா, வரலையா" என்று நான் கேட்ட கேள்வியில் இப்படி ஒரு பதிலுக்கு இடமே இருக்கவில்லை. இன்னும் இரண்டு டிக்கெட் போட்டேன். பணத்துக்காக தேக்கடியில் ஓர் இரவைக் குறைத்தோம். மகன் கொஞ்சம் முகம் சுளித்தான்.

நோட்டு இப்போது கூடத்து மேசையில் கிடக்கிறது. அவரவர் பக்கம் அவரவருக்கு. கணவர் தன் மாத்திரையை எழுத மறந்திருக்கிறார். மூன்று நாளாகப் பார்க்கிறேன். இதுவரை நினைவுபடுத்தவில்லை. என் பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. எனக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கத் தொடங்கியிருக்கிறேன்.