மிஞ்சிய மூன்று குளிசைகள்

அயல் வீட்டாருக்கு உப்புக் கொடுப்போம், புளி கொடுப்போம், அந்தரம் என்று வந்தால் கைமாற்றாகப் பணமும் கொடுப்போம். திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் நமது குடும்பங்களில் இது நேற்று இன்று வந்த பழக்கமல்ல. இந்தப் பழக்கத்தின் வழியாகவே வேலிக்கு மேலால் இன்னொரு பொருளும் கைமாறி வருகிறது. அதுதான் மிஞ்சிய மருந்து.

ஒரு காட்சியை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். உங்கள் ஒழுங்கையிலும் இது நடந்திருக்கலாம்.

"சலம் போகேக்க எரியுது அக்கா. அடிவயிறும் நோகுது. ஆரிட்டச் சொல்லுறது?"

"எனக்கும் போன மாசம் உதுதான் பிள்ளை. டொக்டர் தந்த குளிசையில மூண்டு மிஞ்சிக் கிடக்கு. கொண்டு போய்ப் போடு, சுகம் வரும்."

அக்கா கொடுத்தார், தங்கை வாங்கினாள். இரண்டு நாளில் எரிவும் அடங்கியது. கொடுத்தவர் காசு கேட்கவில்லை, வாங்கியவர் களவெடுக்கவில்லை, மனதிலே வஞ்சகம் எதுவும் இல்லை. அப்படியானால் அக்கா செய்தது நற்செயல்தானே? இதுதான் இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட கேள்வி. சின்ன விடயம்தானே என்று தள்ளிவிடாமல் சற்றுப் பொறுமையோடு பார்ப்போம்.

முதலில் நோயைப் பற்றி இரண்டு வார்த்தை. சலக்கடுப்பு என்றும் நீர்க்கடுப்பு என்றும் நம் பெரியவர்கள் சொல்லும் இந்தத் துன்பத்துக்குப் பெரும்பாலும் காரணமாவது ஈ கோலி என்னும் பற்றீரியா. நமது குடலிலே தீங்கின்றி வாழும் இந்தக் கிருமி, இடம் மாறிச் சலவழியால் ஏறும்போதே நோயாகிறது. பெண்களின் சலவழி ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர் நீளமே உடையது. ஆண்களுக்கோ அது 20 சென்ரிமீற்றர் வரை நீளும். ஆகவேதான் இந்நோய் பெண்களை அதிகம் பிடிக்கிறது. பெண்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் வாழ்நாளில் ஒரு தடவையாவது இதை அனுபவிக்கிறார்கள். திருமணமான புதிதில் இது வருவதும் சாதாரணம். இது ஒழுக்கக்கேட்டின் அடையாளமும் அல்ல, அழுக்கான பெண் என்பதன் அடையாளமும் அல்ல. இதை வைத்துக் கணவன் மனைவியையோ மனைவி கணவனையோ சந்தேகிப்பது பெரும் அநியாயம்.

ஆனால் சலம் எரிகிறது என்றால் அது எப்போதும் இந்தக் கிருமிதான் என்று சொல்லவும் முடியாது. கல்லினாலும் எரியலாம், வேறு தொற்றுகளினாலும் எரியலாம். கிருமிதான் காரணம் என்றாலும், அது சலப்பையோடு நின்றுவிட்டதா அல்லது சிறுநீரகம் வரை ஏறிவிட்டதா என்பதைப் பொறுத்து மருந்தும் நாட்களும் மாறும். சில மருந்துகளுக்கு மூன்று நாள் போதும், சிலவற்றுக்கு ஐந்து நாள். ஒரே ஒரு தடவை குடிக்கும் மருந்தும் உண்டு. சிறுநீரகத்தைத் தாக்கியிருந்தால் ஒரு வாரமோ அதற்கு மேலோ செல்லும். கர்ப்பிணியின் சலத்திலே கிருமி காணப்பட்டால் எரிவு இல்லாவிட்டாலும் வைத்தியம் அவசியம். வயதான பாட்டியின் சலத்திலே அதே கிருமி காணப்பட்டும் எந்தக் குறியும் இல்லையென்றால் பெரும்பாலும் மருந்தே தேவையில்லை. இத்தனை வேறுபாடுகளையும் வேலியடியில் நின்று கண்டுபிடிக்க நம்மில் யாரால் முடியும்?

மேலும், அக்காவிடம் அந்த மூன்று குளிசைகள் மிஞ்சியது எப்படி? சுகம் வந்ததும் தாமாகவே நிறுத்தியிருப்பார். ஆக ஒரே மருந்து இரண்டு உடம்பிலே அரைகுறையாக வேலை செய்திருக்கிறது. கோடிக்கணக்கான கிருமிகளுள் இளைத்தவை இறந்துபோக, மருந்தைத் தாங்கக்கூடியவை எஞ்சிப் பெருகுகின்றன. வாய்ப்பான இடத்தில் ஈ கோலி இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டாகும். அதுமட்டுமல்ல, மருந்தைத் தாங்கும் வித்தையை ஒரு கிருமி பக்கத்திலுள்ள வேறு கிருமிக்கும் கைமாற்றிக் கொடுக்கும். நாம் வேலிக்கு மேலால் குளிசை கொடுப்பதுபோல, அவையும் தங்களுக்குள் கொடுத்து வாங்குகின்றன.

எதிர்ப்பாற்றல் பெறுவது மனிதனின் உடம்பல்ல, கிருமியே. இது பலருக்கு விளங்காத விடயம். "நான் மருந்து அதிகம் பாவிப்பதில்லை, எனக்குப் பயமில்லை" என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் அடுத்த வீட்டில் வலுவடைந்த கிருமி கை வழியாகவும் தண்ணீர் வழியாகவும் மலசலகூடம் வழியாகவும் அவரிடம் வரும். அவருடைய நோய்க்கு மருந்து வேலை செய்யாமற் போகும்போது, அது யாருடைய வீட்டில் பழுதாயிற்று என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

இந்த மருந்துகள் எவ்வளவு அரியவை என்பதை நாம் மறந்துவிட்டோம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் நமது துறைமுகத்தின்மீது குண்டு வீசியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்னர், 1941 பெப்ரவரியில், இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நகரில் அல்பேர்ட் அலெக்சாண்டர் என்ற பொலிஸ்காரர் கிருமித்தொற்றினால் மரணத் தறுவாயிலே கிடந்தார். அவருக்குப் பெனிசிலின் ஏற்றினார்கள். சில நாட்களில் காய்ச்சல் தணிந்தது, சாப்பிடவும் தொடங்கினார். ஆனால் உலகத்தில் அப்போது இருந்த பெனிசிலின் மிகச் சொற்பம். ஆகவே அவருடைய சலத்தைச் சேர்த்து எடுத்து, அதில் கழிந்துபோன மருந்தைப் பிரித்தெடுத்து, மீண்டும் அவருக்கே ஏற்றினார்கள். அதுவும் தீர்ந்தது. மார்ச் 15ஆம் திகதி அவர் இறந்தார். ஒரு மனிதனின் சலத்திலிருந்து துளி துளியாக மீட்டெடுத்த அந்த மருந்தின் வழிவந்தவற்றையே இன்று நாம் இலாச்சியில் போட்டு வைத்திருக்கிறோம், தலையிடிக் குளிசையோடு சேர்த்து.

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் ஒரு கற்பனைக் கதை சொன்னார். ஒருவனுக்குத் தொண்டை நோ. தானே பெனிசிலின் வாங்கிப் போதாத அளவில் எடுக்கிறான். கிருமிகள் சாகவில்லை, மருந்தைத் தாங்கப் பழகிக்கொண்டன. அவை அவனுடைய மனைவிக்குத் தொற்றுகின்றன. அவளுக்கு நியூமோனியா வருகிறது, பெனிசிலின் வேலை செய்யவில்லை, அவள் இறக்கிறாள். இந்த மரணத்துக்கு முதற்பொறுப்பாளி யார் என்று அவர் சபையைக் கேட்டார். கணவனின் கவலையீனமே கிருமியின் இயல்பை மாற்றியது என்பதே அவருடைய பதில். அன்று அது கற்பனை. இன்றோ, 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களே நேர்க்காரணமாக 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் உலகெங்கும் இறந்ததாக 2022இல் வெளியான பெரும் ஆய்வொன்று கணக்கிட்டது.

இனி நமது கேள்விக்கு வருவோம். "காசு கொடுத்து வாங்கினேன், இது என்னுடைய குளிசை. என்னுடையதை நான் கொடுக்கக்கூடாதா?" என்று அக்கா கேட்கலாம். நியாயமான கேள்வி. குளிசை அவருடையதுதான். ஆனால் அந்தக் குளிசையின் வலிமை அவருடையதல்ல.

கடலை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். தோணியும் வலையும் தனியாருடையவை, கடல் எல்லோருடையது. டைனமைற் போட்டு மீன் பிடிப்பவன் தன் காசில்தான் வெடி வாங்குகிறான், தன் தோணியில்தான் போகிறான். ஆனால் அவன் பிடிக்கும் மீனோடு குஞ்சும் சினையும் பாரும் அழிந்துபோகின்றன. அடுத்த வருடம் கொட்டியாரக் குடாவில் வெறும் வலை இழுப்பவன் வேறொருவன். அதனால்தான் சட்டம் அதைத் தடுத்திருக்கிறது. நுண்ணுயிர்கொல்லி மருந்தின் வலிமையும் அப்படியான பொதுச்சொத்தே. அது கிண்ணியாவில் உள்ளவருக்கும் சீனன்குடாவில் உள்ளவருக்கும், இன்னும் பிறக்காத பிள்ளைக்கும் உரியது. பொதுச்சொத்தை யாரும் தானம் செய்ய முடியாது.

ஆயினும் குற்றம் முழுவதையும் அந்த அக்காவின் தலையிலே சுமத்துவது நீதியாகாது. அறியாமல் செய்தவனுக்குப் பாரம் குறைவு. வைத்தியரின் துண்டு இல்லாமல் இந்த மருந்துகளை விற்பது நம் நாட்டுச் சட்டத்துக்கு மாறானது. அப்படியிருந்தும் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர் அறியாதவர் அல்லர். நோயாளியைத் திருப்திப்படுத்துவதற்காகத் தடிமனுக்கும் இம்மருந்தை எழுதிக் கொடுக்கும் வைத்தியரும் அறியாதவர் அல்லர். ஏழையின் நிலையையும் பார்க்க வேண்டும். நிலாவெளிக்கு அப்பாலுள்ள ஒரு கரையோரக் கிராமத்திலிருந்து பட்டணத்துக்கு வந்து, வெளிநோயாளர் பிரிவில் வரிசையில் நின்று, சலப் பரிசோதனை செய்து திரும்ப ஒரு நாட்கூலி போய்விடும். 2022இல் அரசாங்க வைத்தியசாலைகளிலேயே மருந்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதைக் கண்டவர்கள், கையில் உள்ளதைப் பதுக்கி வைப்பதில் வியப்பில்லை. இலவச வைத்தியம் என்பது நமது நாட்டின் பெரும் பேறு. அது ஏழையின் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்று கேட்பதும் நமது கடமையே.

இவற்றுக்கெல்லாம் மேலாக இன்னொரு காரணம் உண்டு. அந்தத் தங்கை சொன்ன வார்த்தையை மீண்டும் கேளுங்கள்: "ஆரிட்டச் சொல்லுறது?" அவளை வைத்தியசாலைக்குப் போகவிடாமல் தடுத்தது காசில்லாமை மட்டுமல்ல, வெட்கம். கணவனுக்குச் சொல்ல வெட்கம், ஆண் வைத்தியருக்குச் சொல்ல வெட்கம், சலப்போத்தலைக் கையில் பிடிக்க வெட்கம். அடக்கம் நல்ல பண்பு. அது மனிதன் தன்னை மதிப்பதிலிருந்து வருகிறது. ஆனால் நோயை மறைக்க வைக்கும் வெட்கம் அடக்கம் அல்ல. ஆண்டவன் படைத்த உடம்பிலே சொல்லத்தகாத உறுப்பு என்று ஒன்று இல்லை. கண்ணில் தூசு விழுந்தால் சொல்லுகிறோம். சலப்பையில் கிருமி விழுந்தால் மட்டும் ஏன் ஒளிக்க வேண்டும்?

இந்த வெட்கத்தை வளர்த்தவர்கள் நாமே. பள்ளிக்கூடத்து மலசலகூடத்துக்குப் போக மனமில்லாமல் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீரும் குடிக்காத பெண்பிள்ளைகள் உண்டு. மீன்வாடியில் நாள் முழுவதும் வெயிலில் நின்று கருவாடு காயவைக்கும் பெண்ணுக்கு மறைவிடம் இல்லை. கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸில் ஏறவேண்டும் என்பதற்காகப் பின்னேரமே தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள் தாய்மார். திருவிழாவுக்குப் பந்தல் போடுகிறோம், மின்விளக்குப் போடுகிறோம். வரும் பெண்களுக்குத் துப்புரவான மலசலகூடம் உண்டா என்று விழாக்குழுவில் எத்தனை பேர் கேட்கிறோம்? குறைவாகக் குடித்து நெடுநேரம் அடக்கி வைத்தால், உட்புகுந்த கிருமி கழுவுண்டு போகாமல் பெருகத் தருணம் கிடைக்கிறது. அடிக்கடி இந்நோய் வரும் பெண்கள், வழக்கத்துக்கு மேலாக நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர் குடித்தபோது நோய் வரும் தடவைகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. தண்ணீரை விட மலிவான மருந்து எது? ஆனால் போக இடமில்லாத பெண்ணிடம் "நிறையத் தண்ணீர் குடி" என்று புத்தி சொல்வது கேலியாகவே முடியும்.

ஆகவே குடும்பத்தவர்களுக்குச் சில வார்த்தைகள். சலம் எரிந்தால், அடிக்கடி முட்டினால், வைத்தியரிடம் சொல்லுங்கள். குளிரோடு காய்ச்சல், விலாவில் நோ, வாந்தி, சலத்தில் இரத்தம் இருந்தால் தாமதியாதீர்கள். கர்ப்பிணி, சிறுபிள்ளை, நீரிழிவுக்காரர், ஆண்கள் ஆகியோருக்கு இது வந்தால் காத்திருக்கவே கூடாது. வைத்தியர் சொன்ன அளவையும் நாட்களையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஒவ்வாமை கண்டால் நீங்களாக முடிவெடுக்காமல் அவரிடமே திரும்பிப் போங்கள். மிஞ்சியதைச் சேமிக்காதீர்கள், கிணற்றிலோ கடலிலோ போடாதீர்கள். எப்படி அகற்றுவது என்று மருந்தாளரிடம் கேளுங்கள். தாய்மார் தங்கள் பெண்பிள்ளைகளோடு மட்டுமல்ல, ஆண்பிள்ளைகளோடும் இதைப் பேசுங்கள். நாளைக்கு மனைவியின் நோயைக் கேட்டு முகம் சுளிக்காத கணவன் அந்தப் பேச்சிலேதான் உருவாகிறான்.

அப்படியானால் வேலியடியில் நிற்கும் அக்கா வெறுங்கையோடு திரும்ப வேண்டுமா? இல்லை. அவரிடம் கொடுப்பதற்கு மிஞ்சிய குளிசையை விடப் பெரியதொன்று இருக்கிறது. "நாளைக்குக் காலமை நான் உன்னோட ஆசுப்பத்திரிக்கு வாறன் பிள்ளை. வெட்கப்படாத, நான் டொக்டரிட்டச் சொல்லுறன். உன்ர பிள்ளையள மாமி பார்ப்பா." இப்படிச் சொன்னால் அவருடைய அரை நாள் போகும்; சமையல் பிந்தும்; பஸ் காசும் செலவாகும். மூன்று குளிசைகளைக் கொடுத்தபோது அவருக்கு ஒன்றுமே செலவாகவில்லை, செலவானது ஊரின் சொத்து. இப்போது அவர் கொடுக்கும் அந்த அரை நாளோ முழுக்க முழுக்க அவருடையது. தன்னுடையதிலிருந்து கொடுப்பதுதான் தருமம்.