அடியார் உறவும் அன்றாடப் பழக்கமும்: ஆன்மிகக் கேள்வி பதில்

கேள்வி: வீட்டுப் பூசையறையில் அமைதியாக வழிபட்டால் போதாதா? கூட்டு வழிபாட்டுக்கும் செல்ல வேண்டுமா? (வாசகர், மன்னார்குடி)

பதில்: வீட்டுப் பூசை இன்றியமையாதது, ஆயினும் அது மட்டுமே போதும் என்று சைவமும் சொல்லவில்லை, வைணவமும் சொல்லவில்லை. சைவ சித்தாந்தத்தின் தலைநூலாகிய சிவஞானபோதத்தை 12 சூத்திரங்களில் அருளிய மெய்கண்டார், சீவன்முத்தர், அதாவது உடலோடு வாழும்போதே பாசப்பிணிப்பு அகன்றவர், அதன் பின்னும் செய்ய வேண்டியது யாது என்பதைக் கடைசிச் சூத்திரத்தில் வகுக்கையில், அடியாரோடு கலந்து வாழ்தலையும், அவர்தம் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே தொழுதலையும் விதிக்கிறார். வைணவ ஆசாரியர்களோ, பாகவத கைங்கரியம் எனப்படும் அடியார்க்குச் செய்யும் தொண்டினை, பெருமாளுக்குச் செய்யும் தொண்டினும் உயர்வாக வைத்தனர். பாசம் நீங்கியவருக்கே துணை விதிக்கப்பட்டிருக்க, பூசையைப் பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடுகிறவர் தமக்குத் துணை வேண்டா என்று கருதுவது அறியாமையே.

கேள்வி: மார்கழியில் நான்கு மணிக்கு எழ முடிகிறது, தை பிறந்ததும் அப்பழக்கம் போய்விடுகிறது. மனத்திட்பம் இல்லாமையா காரணம்? (வாசகி, மயிலாப்பூர்)

பதில்: எழுப்புவோர் இல்லாமையே காரணம். மார்கழியில் கோயில் ஒலிபெருக்கியும், வீதி பஜனையும், எதிர்வீட்டு வாசலில் விழும் கோலமும் சேர்ந்து ஒருவரை எழுப்புகின்றன. திருப்பாவையின் 30 பாசுரங்களுள் 6 முதல் 15 வரையுள்ள பத்தும் உறங்கும் தோழியரை எழுப்புவதற்கே அமைந்திருப்பதும், திருவெம்பாவையின் முற்பகுதி அவ்வாறே அமைந்திருப்பதும், பாவை நோன்பு தனியே எழுந்து தனியே நீராடி முடிப்பதற்குரியதன்று என்பதைக் காட்டும். தை மாதத்திலும் ஒரு தோழியைத் தொலைபேசியில் எழுப்பும் பொறுப்பை ஏற்றுக்கொள்க. பிறரை எழுப்ப வேண்டியவர் உறங்க மாட்டார்.

கேள்வி: பிள்ளைகள் பூசையறைப் பக்கமே வருவதில்லை. என்ன செய்வது? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: பெற்றோர் தொலைக்காட்சியின் முன் அமர்ந்துகொண்டு பிள்ளையைப் பூசையறைக்கு அனுப்பினால், பிள்ளையும் தொலைக்காட்சியையே தொழும்.

கேள்வி: இக்காலத்தில் மெய்யடியார் எங்கே இருக்கிறார்கள்? தேடியும் மனம் ஒத்தவர் கிடைக்கவில்லை. (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: மனம் ஒத்தவரைத் தேடுவோர் பெரும்பாலும் தமக்கு இடைஞ்சல் தராதவரையே தேடுகின்றனர், அத்தகையவர் எக்காலத்தும் கிடைத்ததில்லை. தென்பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவிலூரில் நிகழ்ந்ததாக வைணவ குருபரம்பரை நூல்கள் போற்றும் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. காஞ்சியில் தோன்றிய பொய்கையாழ்வாரும், கடல்மல்லை எனப்படும் மாமல்லபுரத்தில் தோன்றிய பூதத்தாழ்வாரும், மயிலையில் தோன்றிய பேயாழ்வாரும் ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள். மழை பெய்த ஓர் இரவில் பொய்கையார் இடைகழி ஒன்றில், அதாவது வாயிலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவிலுள்ள ரேழியில், ஒதுங்கிப் படுத்திருந்தார். பூதத்தார் வந்து இடம் கேட்டபோது, ஒருவர் படுக்குமிடத்தில் இருவர் அமரலாம் என்று எழுந்து அமர்ந்தார். பேயார் வந்தபோது, மூவர் நிற்கலாம் என்று மூவருமே நின்றனர். நான்காமவர் ஒருவர் கண்ணுக்குப் புலப்படாமல் நெருக்குவதை உணர்ந்து, பொய்கையார் புறவிளக்கையும், பூதத்தார் அன்பாகிய அகவிளக்கையும் பாட்டால் ஏற்ற, அவ்வொளியில் பேயார் திருமாலைக் கண்டு பாடினார். தலைக்கு நூறு வெண்பாவாக அவர்கள் பாடிய மூன்று திருவந்தாதிகளும் நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தின் இயற்பாப் பகுதிக்குத் தொடக்கமாக இன்றும் ஓதப்படுகின்றன.

பொய்கையார் தனியே கால் நீட்டிப் படுத்திருந்தபோது பெருமாள் அங்கே வந்து நெருக்கவில்லை. அறியாத ஒருவருக்காகப் படுக்கையையும், மற்றொருவருக்காக இருக்கையையும் விட்டுக்கொடுத்த பின்னரே வந்தான். ஆகவே அண்மையிலுள்ள கோயிலின் உழவாரப்பணிக் குழுவில், அதாவது கோயில் வளாகத்தைச் செதுக்கித் தூய்மை செய்யும் தொண்டர் குழுவில், சேர்ந்து, பக்கத்தில் நிற்பவருக்கு இடம் கொடுக்கத் தொடங்குக. மனம் பின்னர் ஒக்கும்.

கேள்வி: ஐயப்பனுக்கு மாலையணிந்த 41 நாளும் மதுவைத் தொடாத கணவர், மாலையைக் கழற்றிய வாரமே பழைய நிலைக்குத் திரும்புகிறார். விரதத்துக்குப் பயனே இல்லையா? (வாசகி, சேலம்)

பதில்: விரதம் 41 நாளும் பயன் தந்தது. ஒரு மண்டலம் எனப்படும் அக்காலத்தில், பலமுறை மலையேறி முதிர்ந்த குருசாமி வழிகாட்டினார். அந்திதோறும் சரணம் விளிக்கக் கூட்டம் இருந்தது. காண்போர் எல்லாரும் "சாமி" என்று அழைத்ததால், அதற்குத் தக நடக்கும் பொறுப்பும் இருந்தது. மாலையோடு இவை மூன்றையும் கழற்றிவிட்டுப் பழைய நண்பர் வட்டத்துக்குள் நுழைந்தால், அவ்வட்டத்தின் வழக்கமே வெல்லும்.

கூட்டத்தின் வழக்கத்தை அறிவுரை மட்டும் மாற்றாது என்பதை அறிந்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். ஆங்கிலேயர் ஆட்சியில் ஜனவரி முதல் நாளன்று வெள்ளைக்கார அதிகாரிகளைக் கண்டு வாழ்த்துச் சொல்ல மக்கள் விரைந்தபோது, அவர் டிசம்பர் 31 அன்று திருத்தணி மலைப்படிகளில் திருப்புகழ் பாடியபடியே ஏறி முருகனை வணங்கும் படித் திருவிழாவைத் தொடங்கினார். ஒரு கூட்டத்துக்கு மாற்றாக மற்றொரு கூட்டத்தையே அளித்தார். அவ்வழியே, மாலை கழற்றிய மறுவாரமும் குருசாமியின் பஜனைக்குக் கணவரோடு வீட்டாரும் செல்க. உடல் மதுவுக்கு அடிமைப்பட்டிருப்பின் மருத்துவரையும் நாடுக. அதுவும் இறைவன் அளித்த துணையே.

கேள்வி: பஜனைக் குழுவில் ஓயாத பூசல். விலகிவிடலாமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: கணக்கைப் பற்றிய பூசலாயின் கணக்கை எல்லாருக்கும் காட்டுக, முதலில் பாடுவது யார் என்னும் பூசலாயின் கடைசியில் பாடுக. தம் மனைவி பரவையாரிடம் சிவபெருமானையே தூது அனுப்பிய சுந்தரரை ஏயர்கோன் கலிக்காமர் வெறுத்தார். தமது சூலைநோயைச் சுந்தரர் வந்து தீர்ப்பதினும் இறப்பதே மேல் எனத் தம்மையே குத்திக்கொண்டார். அதைக் கண்டு சுந்தரரும் உயிர்விடத் துணிந்தபோது, இறையருளால் கலிக்காமர் உயிர்பெற்றுத் தடுக்க, இருவரும் நண்பராயினர். இவ்விருவரும் 63 நாயன்மாருள் அடங்குவர். விலகுதல் எளிது, அதனால் எவரும் அடியார் ஆனதில்லை.

கேள்வி: முதுமையால் வெளியே செல்ல இயலாதவருக்கு அடியார் உறவு எவ்வாறு வாய்க்கும்? (வாசகி, காரைக்குடி)

பதில்: திங்களூர் அப்பூதியடிகள் திருநாவுக்கரசரைக் காணும் முன்பே, தம் மைந்தருக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் அவர் பெயரையே இட்டு வாழ்ந்தார், நேரில் காணாமலும் அடியார் உறவு வேர்கொள்ளும். எனினும் இக்கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் முதியவரின் அண்டை வீட்டார். அவர்கள் வாரத்தில் ஒரு நாள் தங்கள் வழிபாட்டை அம்முதியவரின் வீட்டிலேயே நடத்துக.