தீத்துதல்

விழுங்க முடியாத ஒருவரின் மூக்குக் குழாய் வழியே போவது சோறா, மருந்தா? மருந்து என்றால் நிறுத்தலாம், சோறு என்றால் அது பட்டினி போடுவது என்று பல நாட்டு நீதிமன்றங்களில் வாதாடியிருக்கிறார்கள். டேனிஷ்காரர் அதைச் சொல்லும் சொல்லில் 'மாத்' என்ற பாதி இருக்கிறது. சாப்பாடு என்று பொருள். ஆனால் கேள்வியே பிழையான இடத்தில் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

மும்பை கே.ஈ.எம். வைத்தியசாலைத் தாதி அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் அங்கு வேலைசெய்த ஒருவனால் தாக்கப்பட்டு, மூளை சிதைந்து, 2015 மே மாதம் இறக்கும்வரை அங்கேயே கிடந்தார். 2010 செப்டம்பர் வரை சகதாதிமார் உணவை மசித்து வாயில் தீத்தினார்கள். ஊட்டுவதை யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்வோம். பிறகு ஒரு காய்ச்சலில் வாயால் உண்பது குறைய, ரைல்ஸ் குழாய் போட்டார்கள். (ரைல் என்ற ஆங்கில வைத்தியர் 1921இல் அதை வடிவமைத்தது இரைப்பை நீரை வெளியே எடுத்துச் சோதிக்க.) உணவை நிறுத்தக் கேட்ட மனுவை 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளியது. அருணாவுக்காகப் பேசும் உரிமை, மனுப்போட்ட எழுத்தாளர் பிங்கி விரானிக்கு அல்ல, பராமரித்த வைத்தியசாலை ஊழியர்களுக்கே என்றது.

தீத்துவதற்கு வாய் திறக்கவேண்டும். இறுகிய உதடு, திருப்பிய முகம், துப்பிய கஞ்சி: பேச்சிழந்தவரிடமும் ஒரு 'வேண்டாம்' மிச்சமிருக்கிறது, தீத்துபவர் அதைப் பார்த்தே ஆகவேண்டும். குழாய் எதையும் பார்ப்பதில்லை. இரோம் சர்மிளா பேசக்கூடியவர், வேண்டாம் என்று தெளிவாகவே சொன்னார். 2000 முதல் 2016 வரை காவலில் வைத்து மூக்கால் செலுத்தினார்கள்.

அந்த 'வேண்டாம்'ஐ முற்கூட்டியே எழுதிவைக்க டென்மார்க்கில் 1992 முதல் பதிவேடு உண்டு. 2019 ஜனவரியிலிருந்து அதன் புதிய வடிவம் வைத்தியரைக் கட்டுப்படுத்துகிறது. ஒடென்சேயில் என் சமையலறை மேசையிலிருந்தே கணினியில் நிரப்பிவிடலாம். நிரப்பும்போதுதான் உறைத்தது: படிவமும் குழாயைப் போலத்தான். நாற்பத்தாறு வயதில் நான் எழுதும் 'வேண்டாம்', எண்பதில் என் உதடு என்ன சொல்கிறது என்று பார்க்காது. யாராவது ஒரு ஆள் பார்க்கவேண்டும்.

சில நிலைமைகளுக்கு, நெருங்கிய உறவினர் சம்மதித்தால் மட்டும் இதைச் செயற்படுத்து என்று நிபந்தனை போடலாம். போட்டேன். மனைவி தன்னுடையதில் போடவில்லை.

"நீங்கள் என்ர முகத்தைப் பார்த்தால் ஒருநாளும் சம்மதிக்க மாட்டீங்கள்" என்றாள்.