பூட்டிய கதவு காக்குமா?

அமெரிக்கப் பள்ளி நூலகங்களிலிருந்து புத்தகங்கள் அகற்றப்படும் வேகம் அச்சமூட்டுகிறது. 2023-24 கல்வியாண்டில் மட்டும் இப்படி 10,000-க்கும் மேற்பட்ட விலக்கங்களைப் பென் அமெரிக்கா அமைப்பு பதிவுசெய்திருக்கிறது. பிள்ளைகளைக் காக்கத்தான் என்கிறார்கள். அறியவிடாமல் அடைத்துவைப்பது காவல் ஆகாது, அது அறப்பிழை. ஜெஃப்ரி யூஜெனிடிஸ் 1993-இல் எழுதிய ‘தி வர்ஜின் சூசைட்ஸ்’ நாவலைப் படித்தவர்களுக்கு இதில் ஐயம் இருக்க முடியாது.

டெட்ராய்ட்டை ஒட்டிய க்ரோஸ் பாயின்ட், 1970-கள். கணக்கு வாத்தியார் லிஸ்பனுக்கு 13 முதல் 17 வயது வரை ஐந்து பெண்கள். தாய் கண்டிப்பான கத்தோலிக்கர். கடைக்குட்டி சிசிலியா உயிரை மாய்த்துக்கொள்கிறாள். பிறகு பள்ளி நடன விழாவுக்குப் போன அவள் அக்கா லக்ஸ் சொன்ன நேரத்துக்கு வீடு திரும்பவில்லை. அந்த ஓர் இரவுக்கான தண்டனை நான்கு பேர் தலையிலும் விழுந்தது. பள்ளிக்கூடம் நின்றது. ஆசையாய்ச் சேர்த்த ராக் இசைத்தட்டுகளை லக்ஸ் தன் கையாலேயே நெருப்பில் போட வேண்டியதாயிற்று. அடைபட்ட பெண்கள் சுற்றுலாக் கையேடுகளைத் தபாலில் வரவழைத்து, போக முடியாத ஊர்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். தெருப் பையன்கள் தொலைபேசியில் ஒரு பாட்டை ஓடவிட்டால், இவர்கள் பதிலுக்கு ஒன்றை ஓடவிட்டார்கள். அந்த நால்வரும் பிழைக்கவில்லை.

பெற்றோரின் அச்சம் பொய்யன்று. மருத்துவர் சொல்கேட்டு வீட்டில் விருந்து வைத்த நாளிலேயே சிசிலியாவைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். ஆனால் அச்சம் எவ்வளவு உண்மையானாலும் அது அறத்துக்கு அளவுகோல் ஆகாது.

சிறைவைத்துக் காப்பதால் ஆவதென்ன என்று வாழ்க்கைத் துணைநலம் அதிகாரத்திலேயே கேட்டுவிட்டார் வள்ளுவர். மனத்தின் நிறையையே தலையான காவலாக வைத்தார். மகளை வெண்கல அறையில் பூட்டிய கிரேக்க அரசன் அக்ரிசியசின் எண்ணம் ஈடேறவில்லை. கிரேக்க நாடகத்தில் ஆன்டிகனியை உயிரோடு கல்லறையில் அடைத்த அரசன் கிரயோன் மகனையும் மனைவியையும் இழந்தான். சோதனையைச் சந்திக்காத நல்லொழுக்கத்தை ‘அரியோபகிட்டிகா’வில் மில்டன் 1644-லேயே மெச்ச மறுத்தார். சமூகவியலாளர் எமில் துர்கைமோ 1897-இல் தற்கொலை பற்றிய தம் நூலின் அடிக்குறிப்பு ஒன்றில், மிதமிஞ்சிய கட்டுப்பாட்டால் எதிர்காலமே அடைபட்டுப்போனவர்களின் சாவைத் தனி வகையாகக் குறித்தார். லிஸ்பன் வீட்டை நினைக்கும்போதெல்லாம் அந்த அடிக்குறிப்பு நெஞ்சை அறுக்கிறது.

நாவல் ஒற்றைக் காரணம் சொல்லவில்லை. பூட்டு மட்டுமே கொன்றது என்று யாரும் சொல்லவும் கூடாது. ஆனால் ஆசிரியர், தோழி, மருத்துவர் என்று அந்தப் பெண்களின் மனத்தைக் கேட்டறிந்திருக்கக்கூடிய அத்தனை பேரையும் அந்தப் பூட்டு வெளியே நிறுத்திவிட்டது. நூலக அலமாரியைக் காலிசெய்கிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். துயரம் பேசும் புத்தகத்தை எடுத்துவிட்டால் பிள்ளையின் துயரம் போய்விடுவதில்லை. அதைப் பற்றிப் பெரியவர்களிடம் வாய்திறக்க இருந்த ஒரு வழிதான் அடைபடுகிறது. பத்து வயதுக்கும் பதினேழு வயதுக்கும் ஒரே நூல் பொருந்தாதுதான். அதை நூலகரும் பெற்றோரும் அந்தப் பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு முடிவுசெய்யட்டும்.