காணாத விலங்கும் மெய்யான பாவனையும்

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் மகோற்சவ காலத்தில் சுவாமி எழுந்தருளும் வாகனங்களுள் எருதும் ஆட்டுக்கடாவும் நம் வளவுகளில் கட்டிநிற்பவை. மயிலை வன்னிக்குப் போனால் காணலாம். யாளியையும் காமதேனுவையும் மகரத்தையுமோ எந்தக் காட்டிலும் எந்தக் கடலிலும் எவரும் கண்டதில்லை. அங்ஙனமாக, மெய்ப்பொருளாகிய இறைவனை இல்லாத ஒரு விலங்கின் முதுகில் ஏற்றி வீதிவலம் கொண்டுவருதல் தகுமோ என்று ஒருவர் வினவுவாராயின், அவ்வினா அலட்சியம் செய்யத்தக்கது அன்று.

முதலில் அவற்றுள் யாளியின் இலட்சணத்தைப் பார்ப்போம். சிங்கத்தின் உடலும், யானையின் துதிக்கையும் கொம்பும், பிடரியில் சுருள்சுருளாக இறங்கும் மயிரும், பிதுங்கிய விழிகளும் கொண்டது யாளி. சிம்ம முகத்தது சிம்மயாளி, யானை முகத்தது கஜயாளி, குதிரை முகத்தது அசுவயாளி, மகர முகத்தது மகரயாளி என அதற்கு இனபேதமும் உண்டு. யானையைக் கொன்று தின்னும் விலங்காக அதனைச் சங்கப் புலவர் பாடினர். யாழிசைக்கு மயங்கிப் பறையொலிக்கு மடியும் அசுணமும் அவர்கள் பாட்டில் உலவுவதே. தமிழகத்து மண்டபத் தூண்களில் நிற்கும் கல்யாளி சிலவற்றின் வாயினுள் கல்லுருண்டை ஒன்று கிடக்கும். விரலால் தள்ளினால் உருளும், வெளியே எடுக்க இயலாது. இல்லாத விலங்கின் பல்லுக்கும் நகத்துக்கும் இத்தனை சிரத்தையோடு அளவு வகுத்த சிற்பி, மனம் போன போக்கில் எதையும் செய்தவன் அல்லன்.

நம் நாட்டில் இவ்விலங்குக்கு ஒரு குடும்பமும் வாய்த்துவிடுகிறது. பத்து நாளோ, பதினைந்து நாளோ, நல்லூரிற்போல இருபத்தைந்து நாளோ நிகழும் மகோற்சவத்தில், பெரும்பாலான கோயில்களில், ஒவ்வொரு திருவிழாவும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயமாய் அமைய, அத்திருவிழாக்காரரே பலவிடத்தும் வாகனத்தைச் செய்வித்து, வெள்ளோட்டம் விட்டுக் கோயிலுக்கு ஒப்புவிப்பர். ஆசாரியார் கண் திறக்கும் வரையில் மரமாயிருந்தது, அதன்பின் “எங்கட யாளி” ஆகிவிடுகிறது. வருஷம் முழுவதும் வாகனசாலையின் இருளில் நிற்கும் அதனைத் திருவிழாவுக்கு முன் வெளியே எடுத்துத் தூசி துடைக்கும்போது, பாட்டனார் காலத்துப் பச்சை வர்ணம் பின்னர்ப் பூசிய சிவப்பின் கீழே முன்னங்காலில் தெரியும். அன்றிரவு சாத்துப்படி முடிந்து சுவாமி எழுந்தருளியதும், அக்குடும்பத்து இளைஞர் தோள் கொடுத்து வெளிவீதிக்கு வருவர்.

சைவசித்தாந்தம் இதற்கு என்ன சொல்லும்? சிவஞானசித்தியார் ஒன்பதாஞ் சூத்திரத்தில், கருட தியானத்தால் விடம் நீங்குதல் திருஷ்டாந்தமாக வருகிறது. ஆகாயத்தில் பறக்கும் கருடன் ஒன்று, அதற்கு அதிதெய்வமாகிய கருடன் ஒன்று, மந்திர வடிவான கருடன் ஒன்று. மாந்திரிகன் பாவிப்பது மூன்றாவதனை. அவன் சிறகு முளைத்துப் பறவையாகிவிடவில்லை. ஆயினும் விடம் இறங்கிவிடுகிறது. பாவனை பயன் தருவது பாவிக்கப்படும் உருவத்தின் வலியால் அன்று, அதனை இடமாகக் கொண்டு நின்று அருளும் இறைவனது சத்தியால் என்பதே இதன் தாற்பரியம். எனவே யாளி காட்டில் உண்டோ இல்லையோ என்னும் ஆராய்ச்சி விலங்குநூலாருக்கு உரியது. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பாதலின், சிங்கத்தின் சீற்றமும் யானையின் மதமும் ஓருடம்பில் திரண்ட ஒன்று, தன் வலி முழுவதையும் சுவாமியைத் தாங்குவதற்கே ஒப்புக்கொடுத்து நிற்பதைக் காண்பவன், தன் உள்ளத்துச் சீற்றமும் மதமும் சேரவேண்டிய இடத்தையே காண்கிறான் என்பது என் துணிபு.

1816இல் அமெரிக்க மிஷனரிமார் இங்கு வந்து பள்ளிக்கூடங்களும் 1841இல் உதயதாரகைப் பத்திரிகையும் தொடங்கிய நூற்றாண்டில், சைவரின் புராணங்களும் வழிபாடும் வெறுங் கற்பனை எனக் கண்டிக்கப்பட்டன. அவர்கள் போற்றிய வேதாகமத்திலேயே மனிதன், சிங்கம், எருது, கழுகு என நான்கு முகமுடைய ஜீவன்களின்மேல் கர்த்தருடைய சிங்காசனம் விளங்கியதை எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்டதாக எழுதியிருக்கிறது. பேர்சிவல் பாதிரியாருடன் அவ்வேதாகமத்தைத் தமிழாக்கும் பணியில் உழைத்த ஆறுமுகநாவலர், 1854இல் சைவதூஷணபரிகாரத்தை வெளியிட்டபோது, இரு பக்கத்து நூலையும் கற்றவராகவே வாதத்தில் இறங்கினார். கண்டிராத உருவத்தின்மேல் காணமுடியாதவனை இருத்திப் பார்த்தல் ஒரு சமயத்தாரின் மயக்கம் அன்று. மனித உள்ளம் கடவுளை அணுகும் பழைய வழிகளில் அதுவும் ஒன்று.

யுத்தத்தில் இடம்பெயர்ந்து, மீண்டு வந்த ஊர்களில் கோயில்களைப் புதுக்குவோரும், கடல் கடந்த நாடுகளிலிருந்து பணம் அனுப்புவோரும், முன்னையதினும் பெரிய வாகனம் செய்விக்க விரும்புகின்றனர். அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுகிறேன். புதியதற்கு அச்சாரம் கொடுக்குமுன் உங்கள் கோயில் வாகனசாலையைத் திறந்து பாருங்கள். காலொடிந்து, கொம்பிழந்து, உங்கள் குடும்பத்து யாளியே அங்கே ஒரு மூலையில் நிற்கக்கூடும். அதனைத் திருத்துவித்து, அடுத்த திருவிழாவுக்கு உங்கள் பிள்ளைகளை அழைத்துவந்து, அதன் கீழே தோள் கொடுக்கச் செய்யுங்கள்.